புனிறு: கிளாவரைப் பசுவும் பாஸ்டன் சுண்டெலியும்

கொடைக்கானலிலிருந்து மேற்கே பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி என்று மலையின் மடிப்புகளைப் பற்றிக்கொண்டு செல்லும் சாலை கிளாவரையில் முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் காடும், காட்டுக்கு அப்பால் கேரளமும்தான். படிப்படியாக வெட்டப்பட்ட நிலங்களில் வெள்ளைப்பூண்டு விளையும் ஊர். கொடைக்கானல் மலைப்பூண்டு 2019ல் புவிசார் குறியீடு பெற்றபோது சமவெளிக்காரர்கள் பலரும் இந்த மேல்மலைக் கிராமங்களின் பெயர்களை முதன்முறையாகக் கேள்விப்பட்டார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்கழிக் காலையில் அந்த ஊரில் ஒரு தொழுவத்தின் முன் நின்றிருந்தேன். முந்தைய இரவு ஈன்ற பசு ஒன்று தன் கன்றை அண்டவிடாமல் உதைத்துக்கொண்டிருந்தது. ஈரம் காயாத கன்று குளிரில் நடுங்கி நின்றது. வீட்டுக்கார அம்மாள் பதற்றமே இல்லாமல் உள்ளே போய் ஒரு கை உப்பும் கொஞ்சம் தவிடும் எடுத்துவந்து கன்றின் முதுகில் தூவினார். உப்புக்கு நாக்கை நீட்டிய பசு ஒருமுறை நக்கியது, பிறகு இன்னொரு முறை, பிறகு நிறுத்தவேயில்லை. அரை மணி நேரத்தில் கன்று மடியில் முட்டிக்கொண்டிருந்தது.

"தலைச்சன் ஈத்து தம்பி. தான்தான் பெத்துருக்கோம்னு அதுக்கே இன்னும் தெரியல. நாலு நக்கு நக்குனா தெரிஞ்சுக்கும்" என்றார் அந்த அம்மாள்.

அந்த வாக்கியம் நெடுநாள் என்னை விட்டு அகலவில்லை. தாய்மை என்பது கர்ப்பத்தோடு தானே வருவது, இரத்தத்தில் ஊறியது என்றல்லவா நமக்குச் சொல்லித் தரப்பட்டிருக்கிறது? ஈன்ற பிறகும் தாய்க்குத் தாய்மை 'தெரியாமல்' இருக்கலாம், கன்றுதான் அதைத் தெரிவிக்க வேண்டும் என்பது வேறொரு தத்துவம். உயிரியல் அந்தத் தத்துவத்தின் அருகில் வந்து சேர ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் உழைத்திருக்கிறது. அந்த வரலாறு எலிக்கூண்டுகளில் நடந்தது என்பதால் இலக்கிய வாசகர்களின் கண்ணில் அதிகம் படவில்லை.

தமிழில் 'புனிறு' என்று ஒரு சொல் உண்டு. ஈன்ற அணிமை என்று அதற்குத் தொல்காப்பிய உரியியல் பொருள் சொல்கிறது. சங்கப் பாடல்களில் பசுவும் எருமையும் பெண்புலியும் இந்த அடைமொழியோடு வருகின்றன. புனிறு தீராத விலங்கின் அருகே செல்லக்கூடாது என்பது இன்றும் நாட்டுப்புற அறிவு. ஈன்றதற்கும் இயல்பு நிலைக்குத் திரும்புவதற்கும் இடைப்பட்ட அந்தக் குறுகிய காலத்தைத் தனியாகப் பெயரிட வேண்டும் என்று ஒரு மொழி உணர்ந்திருந்தது என்பதே வியப்புக்குரியது. ஏனெனில் நவீன அறிவியல் தாய்மையைத் தேடிச் சென்று நின்ற இடமும் அந்தக் காலம்தான்.

கிளாவரைக்குச் செல்லும் வழியில் உள்ள மன்னவனூரில், மத்திய செம்மறியாடு மற்றும் உரோம ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டல மையம் 1965 முதல் இயங்கிவருகிறது. அதன் புல்வெளிகளில் மேயும் பாரத் மெரினோ ஆடுகளைப் பார்க்கவே சுற்றுலாப் பயணிகள் வருகிறார்கள். ஈன்ற செம்மறி முதல் ஓரிரு மணி நேரத்துக்குள் தன் குட்டியை நக்கி அதன் மணத்தை மனத்தில் பதித்துக்கொள்ளும். அதன்பின் வேறெந்தக் குட்டியையும் ஏற்காது. பிறந்தவுடன் குட்டியைப் பிரித்து, பல மணி நேரம் கழித்துக் காட்டினால் பெற்ற குட்டியையே முட்டித் தள்ளிவிடும். மேய்ப்பர்கள் இதை எப்போதோ அறிந்திருந்தார்கள். இறந்த குட்டியின் தோலை அநாதைக் குட்டிக்குப் போர்த்தி ஏற்கவைக்கும் தந்திரம் பல நாடுகளில் உண்டு. நம் ஊரில் கன்று இறந்த பசுவின் முன் வைக்கோல் திணித்த தோல்கன்றை நிறுத்திப் பால் கறந்ததும் இதே அறிவின் இன்னொரு முகம்தான்.

இதற்கு உடலியல் விளக்கம் தந்தவர்களில் முக்கியமானவர் கேம்பிரிட்ஜின் பாரி கெவர்ன். பிறப்புப் பாதை விரிவடையும்போது எழும் உணர்வே ஆட்டின் மூளையைத் தாய்மைக்குத் திறந்துவிடுகிறது என்று 1983ல் அவரும் சகாக்களும் 'சயின்ஸ்' இதழில் காட்டினார்கள். அந்த உணர்வை மீண்டும் உண்டாக்கினால், ஏற்கெனவே தன் குட்டியோடு பிணைந்துவிட்ட ஆடுகூட அயல்குட்டியை ஏற்கிறது. அப்போது மூளைக்குள் சுரக்கும் ஆக்ஸிடோசின் இந்தத் திறப்பில் பெரும்பங்கு வகிக்கிறது என்பதும் சில ஆண்டுகளில் தெளிவாயிற்று.

அப்படியானால் தாய்மை என்பது சுரப்பிகளின் வேலை மட்டும்தானா? இந்தக் கேள்விக்கு எதிர்பாராத ஒரு பதில் முன்னமே வந்திருந்தது. அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜே ரோசன்பிளாட் 1967ல் ஒரு சோதனையை வெளியிட்டார். கருவுறாத பெண் எலிகள் குட்டிகளைக் கண்டால் ஒதுங்கிப் போகும். ஆனால் குட்டிகளை அவற்றோடு தொடர்ந்து விட்டுவைத்தால், ஏறத்தாழ ஒரு வாரத்தில் அவை குட்டிகளைக் கவ்விவந்து, நக்கி, அணைத்துக் குந்தத் தொடங்குகின்றன. சினைப்பை நீக்கப்பட்ட எலிகளும் அப்படியே. ஆண் எலிகளும் அப்படியே. ஹார்மோன்கள் கதவை விரைவாகத் திறக்கின்றன, அவ்வளவுதான். கதவைத் தட்டுவது குட்டி.

இங்கே ஒரு சொல் விளக்கம் தேவை. தமிழில் 'எலி' என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். ரோசன்பிளாட்டின் விலங்கு ஆய்வகத்து வெள்ளெலி. இனி வரப்போவது அதைவிடச் சிறிய சுண்டெலி. அதன் கதை சுவையானது. வீட்டுச் சுண்டெலியின் பூர்வீகம் இந்தியத் துணைக்கண்டத்தின் வடபகுதியும் அதை ஒட்டிய நிலங்களும் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அங்கிருந்து தானியத்தின் பின்னாலேயே உலகம் சுற்றிய இந்தப் பிராணியை ஆய்வகத்துக்கு அனுப்பிவைத்தவர்களில் ஒருவர், மாசசூசெட்ஸ் மாநிலத்து கிரான்பி என்னும் சிற்றூரில் அழகுச் சுண்டெலிகள் வளர்த்து விற்ற ஆபி லாத்ராப் என்ற முன்னாள் பள்ளி ஆசிரியை. ஹார்வர்டின் வில்லியம் காஸில் 1902ல் அவரிடம் சுண்டெலிகள் வாங்கினார். காஸிலின் மாணவர் கிளாரன்ஸ் லிட்டில், லாத்ராப்பின் 57ஆம் எண் பெண் சுண்டெலியிலிருந்து 1921ல் உருவாக்கிய கறுப்பு வம்சமே இன்றும் உலகின் ஆய்வகங்களில் அதிகம் புழங்குவது. 1980களின் இறுதியில், குறிப்பிட்ட ஒரு மரபணுவை மட்டும் செயலிழக்கச் செய்து சுண்டெலியைப் பிறப்பிக்கும் முறை கைகூடியது. அதற்காக மரியோ கபெக்கி, மார்ட்டின் எவன்ஸ், ஆலிவர் ஸ்மித்திஸ் மூவரும் 2007ல் நோபல் பரிசு பெற்றார்கள்.

1990களில் பாஸ்டனில் மைக்கேல் கிரீன்பெர்க்கின் ஆய்வுக்குழு அந்த முறையில் ஃபாஸ்-பி என்ற மரபணுவைச் செயலிழக்கச் செய்தது. அவர்கள் தாய்மையைத் தேடிப் போகவில்லை. ஃபாஸ் குடும்பத்து மரபணுக்கள் ஒருவகையில் வாயிற்காப்போரைப் போன்றவை. வெளியுலகிலிருந்து ஒரு தூண்டல் நரம்பணுவை வந்தடைந்ததும் சில நிமிடங்களில் விழித்தெழுந்து, மற்ற மரபணுக்களை எழுப்பிவிடும். அனுபவம் மூளையில் எப்படித் தடம் பதிக்கிறது என்பதே அவர்களுடைய கேள்வி.

விசித்திரம் கூண்டில் தென்பட்டது. மரபணு இழந்த தாய்களுக்குப் பிறந்த குட்டிகள் பெரும்பாலும் ஓரிரு நாளில் இறந்துபோயின. குட்டிகளிடம்தான் குறை என்று எண்ணுவது இயல்பு. ஆனால் அதே குட்டிகளை இயல்பான தாயிடம் விட்டபோது அவை பிழைத்தன. இயல்பான குட்டிகளை மரபணு இழந்த தாயிடம் விட்டபோது அவை வாடின. கருவுறுதலிலும் ஈனுதலிலும் பால் சுரப்பதிலும் அந்தத் தாய்களிடம் குறை இல்லை. மோப்பத்திலும் கற்றலிலும் குறை இல்லை. அவை குட்டிகளிடம் வந்தன, முகர்ந்து பார்த்தன, பிறகு போய்விட்டன. கூண்டெங்கும் சிதறிக் கிடந்த குட்டிகளைக் கூட்டில் சேர்க்கவோ, அணைத்துச் சூடு தரவோ அவற்றுக்குத் தோன்றவில்லை. ஜெனிஃபர் பிரவுனும் கிரீன்பெர்க்கும் சக ஆய்வாளர்களும் இதை 1996ல் 'செல்' இதழில் வெளியிட்டார்கள்.

இத்தகைய செய்திகள் வரும்போதெல்லாம் 'தாய்மை மரபணு கண்டுபிடிப்பு' என்ற தலைப்பு முளைத்துவிடும். ஆய்வைக் கூர்ந்து படிப்பவர்க்கு அந்தத் தலைப்பு எவ்வளவு பிழையானது என்பது புலப்படும். ஈன்றிராத பெண்களும் ஆண்களும்கூட, இந்த மரபணு இல்லாதபோது, குட்டிகளைக் கவ்விச் சேர்ப்பதில் பின்தங்கின. எனவே இது தாய்க்கென்று அமைந்த மரபணு அன்று. இயல்பான சுண்டெலியின் முன் குட்டிகளை வைக்கும்போது, மூளையின் அடித்தளத்தில் ஹைபோதலாமஸின் முன்புறமுள்ள சிறு பகுதியில் ஃபாஸ்-பி விழிக்கிறது. பராமரிப்புக்கு அந்தப் பகுதி இன்றியமையாதது என்பது முன்பே தெரிந்திருந்தது. குட்டியின் வருகையால் விழிக்கும் மரபணு அது. அது இல்லாத தாயின் மூக்கு குட்டியை அறிகிறது. ஆனால் அந்த அறிதல் உள்ளே எதையும் மாற்றுவதில்லை.

ஜப்பானின் குமி குரோடாவும் சகாக்களும் 2007ல் இன்னும் ஓர் அடி முன்னே சென்றார்கள். ஃபாஸ்-பியை எழுப்பும் வேதிச்சங்கிலியை மருந்தால் தடுத்தபோது, குட்டிகளோடு பழகியிராத சுண்டெலிகள் பராமரிப்பைத் தொடங்க இயலாமல் தடுமாறின. ஏற்கெனவே பராமரிக்கப் பழகியிருந்தவை தொடர்ந்து பராமரித்தன. ஆகவே இந்த மரபணுவின் முக்கியப் பணி தாய்மையைக் காப்பதைவிடத் தொடங்கிவைப்பதில்தான் இருக்கிறது. புனிறு என்று நம் மொழி பெயரிட்ட அந்தக் குறுகிய வாசலில் அது நிற்கிறது. கிளாவரை அம்மாள் உப்பைத் தூவியதும் அந்த வாசலில்தான்.

வரலாறு இத்தோடு நிற்கவில்லை. கென்யாவில் இந்திய வம்சாவளியில் பிறந்த அசிம் சுரானியின் கேம்பிரிட்ஜ் ஆய்வகம், 1998லும் 1999லும் தாய்மைப் பராமரிப்போடு தொடர்புடைய வேறு இரண்டு மரபணுக்களைப் பற்றி எழுதியது. இரண்டிலும் தாயிடமிருந்து வந்த பிரதி உறங்கிக் கிடக்கும். தந்தையிடமிருந்து வந்த பிரதி மட்டுமே வேலை செய்யும். அதாவது, ஒரு பெண் சுண்டெலி நல்ல தாயாவதில் அவள் தந்தை வழங்கிய மரபணுவுக்குப் பங்குண்டு என்றாயிற்று. இரண்டாவது கட்டுரையின் ஆசிரியர்களில் செம்மறி ஆய்வுக்குப் பேர்பெற்ற அதே கெவர்னும் ஒருவர். ஆனால் 2016ல் வேறொரு குழு அந்த இரண்டாம் மரபணுவைப் புதிதாகச் செயலிழக்கச் செய்து பார்த்தபோது தாய்மைப் பராமரிப்பில் குறை தென்படவில்லை. மரபணுவிலிருந்து நடத்தைக்கு நேர்கோடு இழுப்பது எவ்வளவு அபாயகரமானது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் வேண்டியதில்லை.

மறுமுனையில், மான்ட்ரியலில் மைக்கேல் மீனியின் குழு வெள்ளெலிகளைப் பார்த்துக்கொண்டிருந்தது. சில தாய்கள் குட்டிகளை மிகுதியாக நக்கும், சில குறைவாக. மிகுதியாக நக்கப்பட்ட பெண் குட்டி வளர்ந்து தானும் மிகுதியாக நக்கும் தாயாகிறது. இது பரம்பரை என்று சொல்லிவிடத் தோன்றும். ஆனால் குறைவாக நக்கும் தாய்க்குப் பிறந்த குட்டியை மிகுதியாக நக்கும் தாயிடம் வளர்த்தால், அந்தக் குட்டியும் வளர்ப்புத் தாயைப் போலாகிறது என்று அவர்கள் 1999ல் காட்டினார்கள். மரபணுவின் எழுத்து மாறாமலே, அது வாசிக்கப்படும் விதத்தை நாக்கின் தீண்டல் மாற்றியமைக்கிறது என்பதற்கான வேதிச் சான்றுகள் 2004ல் வந்தன. 2014ல் ஹார்வர்டின் கேதரின் டூலாக்கின் குழு, முன்சொன்ன அதே மூளைப் பகுதியில் ஒரு குறிப்பிட்ட வகை நரம்பணுக்களைத் தூண்டியபோது, குட்டிகளைத் தாக்கும் இயல்புடைய ஆண் சுண்டெலிகள் தாக்குதலை விட்டு அவற்றை நக்கத் தொடங்கின. பராமரிப்பின் பாதை ஆணுக்குள்ளும் இருக்கிறது, பெரும்பாலும் மூடிக்கிடக்கிறது.

எலிகளைப் பற்றி இவ்வளவு எதற்கு என்று வாசகர் கேட்கலாம். சுண்டெலியிலிருந்து மனிதருக்கு நேராகத் தாவ முடியாது என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். மனிதத் தாயின் பின்னால் மொழி, குடும்பம், வறுமை, நினைவு அனைத்தும் நிற்கின்றன. ஆயினும் இந்த வரலாறு ஒரு பழைய பழியைக் கேள்விக்கு உட்படுத்துகிறது. அதனாலேயே அது நமக்கு முக்கியமாகிறது.

பெற்ற குழந்தையைத் திரும்பிப் பார்க்காத தாய் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறாள். நம் ஊர்களில் பிரசவ ஜன்னி என்றார்கள், பேய் என்றார்கள். பெரும்பாலும் கல்நெஞ்சக்காரி என்றார்கள். மேலை நாடுகளும் விதிவிலக்கல்ல. பாரிஸ் மருத்துவர் லூயி விக்டர் மார்ஸே 1858லேயே பேற்றுக்குப் பிந்தைய மனநோயைப் பற்றித் தனி நூல் எழுதியிருந்தும், இருபதாம் நூற்றாண்டின் நடுவில் குழந்தைகளின் ஆட்டிசத்துக்குத் தாயின் குளிர்ந்த மனமே காரணம் என்று மருத்துவர்களே எழுதினார்கள். ஒரு தலைமுறைத் தாய்மார்கள் அந்தப் பழியைச் சுமந்து வாழ்ந்தார்கள். இங்கிலாந்து 1922லும் பின் 1938லும் இயற்றிய சட்டங்கள், பேற்றினால் மனநிலை குலைந்த தாய் தன் சிசுவைக் கொன்றால் அதைக் கொலையினின்று வேறுபடுத்திப் பார்த்தன. அத்தகைய தனிப்பிரிவு 1860ன் இந்திய தண்டனைச் சட்டத்திலும் இல்லை, அதற்குப் பதிலாக 2024ல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் இல்லை.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. பழநி மலையிலிருந்து இறங்கினால் வெகுதொலைவில் இல்லை உசிலம்பட்டி. 1980களில் அந்தப் பகுதியின் பெண்சிசுக்கொலைகள் நாடெங்கும் பேசப்பட்டன; 1992ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது. அங்கே குறை மரபணுவில் இல்லை, தாயின் மூளையிலும் இல்லை. வரதட்சிணையிலும் நிலத்திலும் ஆண்வழி மானத்திலும் இருந்தது. சமூகத்தின் குற்றத்தை உயிரியலின் தலையில் கட்டுவது, உயிரியலின் துன்பத்தைப் பெண்ணின் ஒழுக்கக்கேடு என்பதைப் போலவே அநீதியானது. இரண்டையும் பிரித்தறியவே நமக்கு அறிவு தேவைப்படுகிறது.

அந்த அறிவின் பயன்கள் மெல்ல வந்துகொண்டிருக்கின்றன. கருவிகள் போதாத போகோட்டா நகர மருத்துவமனை ஒன்றில், குறைமாதக் குழந்தையைத் தாயின் மார்போடு அணைத்துக் கட்டும் முறை 1978ல் தொடங்கியது. இன்று அது உலகெங்கும் பின்பற்றப்படுகிறது. பெங்களூரு நிமான்ஸ் நிறுவனம் 2009ல் தாயையும் சேயையும் ஒன்றாகவே சேர்த்துச் சிகிச்சை அளிக்கும் உளநலப் பிரிவைத் தொடங்கியது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநல நிலையத்தில் சிகிச்சை பெறும் தாயிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைப் பொதுவாகப் பிரிக்கக்கூடாது என்கிறது; ஆபத்து இருந்தால் மட்டுமே விலக்கு. நோயுற்ற தாயிடமிருந்து குழந்தையைப் பறித்துச் செல்வதே பாதுகாப்பு என்று எண்ணிய காலம் ஒன்று இருந்தது. அவள் குணமாவதற்கான வழிகளில் குழந்தையும் ஒன்று என்று சட்டம் ஒப்புக்கொள்ள இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

கிளாவரையிலிருந்து திரும்பும் வழியில் பூம்பாறையில் இறங்கினேன். அங்கே குழந்தை வேலப்பர் கோயில். தலக்கதை ஒன்று சொல்வார்கள். அருணகிரிநாதர் அங்கே உறங்கிக்கொண்டிருந்தபோது அவரைக் கொல்ல ஓர் அரக்கி வந்தாளாம். முருகன் குழந்தையாகி அவர் மேல் தவழ்ந்து விளையாட, காவித் துணியையும் குழந்தையையும் கண்ட அரக்கி, தாயும் சேயும் உறங்குவதாக எண்ணித் திரும்பிவிட்டாளாம்.

துறவியான ஓர் ஆண், மேலே ஒரு குழந்தை தவழ்ந்த அளவிலேயே தாயாகத் தெரிந்துவிட்டார். கொல்ல வந்தவளுக்குள்ளும் ஏதோ ஒன்று விழித்துக்கொண்டது. ஐதீகம் அறிவியலாகாது, அப்படி நிரூபிக்க முயல்வது இரண்டுக்கும் அவமரியாதை. ஆனால் தொழுவத்து அம்மாளும், அந்தத் தலக்கதையும், பாஸ்டனின் கூண்டும் வெவ்வேறு மொழிகளில் ஒன்றையே சொல்வதாக எனக்குப் படுகிறது. குழந்தையைப் பெறுவது தாய். தாயைப் பெறுவது குழந்தை. அந்த இரண்டாவது பிரசவம் சிலருக்குத் தாமதமாகிறது, சிலருக்குக் கடினமாகிறது. அப்போது அவளுக்குத் தேவைப்படுவது பழிச்சொல் அல்ல. உப்பும் தவிடும் எடுத்துவர, அருகில் பொறுமையாக நிற்கும் ஒருவர்.